பேசாத கண்காணி: இராபர்ட் ஓவனின் தன்வரலாறு பற்றிய ஒரு மதிப்பீடு

கூட்டுறவு இயக்கத்தைப் பற்றிப் பேச எழுவோரும் எழுதப் புகுவோரும் இராபர்ட் ஓவன் என்னும் பெயரைச் சொல்லாமல் தொடங்குவது அரிது. ‘கூட்டுறவின் தந்தை’ என்றும் ‘சமதர்மத்தின் முன்னோடி’ என்றும் அவருக்கு அடைமொழிகள் சூட்டுவது வழக்கமாகிவிட்டது. அடைமொழி சூட்டுவது எளிது. சூட்டியபின் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்ற மயக்கத்தையும் அது தந்துவிடுகிறது. ஓவன் தம் வாழ்க்கையைத் தாமே எழுதியிருக்கிறார். அந்நூலை எடுத்துப் படித்தவர்கள் நம்மிடையே சிலரே. 1857ஆம் ஆண்டில், எண்பத்தாறு அகவையை எட்டியிருந்த நிலையில், அவர் வெளியிட்ட அத்தன்வரலாற்றை இலக்கியமாகவும் வாழ்க்கைச் சான்றாகவும் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தன்வரலாற்றைப் படிக்கும்போது ஆசிரியர் கூறுவதைக் கேட்பதோடு, யாரைப் பேசவிடுகிறார், யாரைப் பேசவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஓவனின் நூலை இம்முறையில் அணுகினால், அவருடைய பெருமையும் குறையும் ஓரிடத்திலிருந்தே பிறப்பதைக் காணலாம். கூட்டுறவு இயக்கம் அவரிடமிருந்து எதைப் பெற்றது, எதை விட்டு விலகி வளர்ந்தது என்பதும் அப்போது விளங்கும்.

கொள்கையும் கதையும்

ஓவன் தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து ஒன்றே. மனிதனுடைய குணத்தை அவன் தானே அமைத்துக்கொள்வதில்லை. அவன் பிறந்து வளரும் சூழலே அதனை அமைக்கிறது. ஆகவே, சூழலைத் திருத்தினால் மனிதன் திருந்துவான் என்பது அக்கருத்து. 1813ஆம் ஆண்டு முதல் 1816ஆம் ஆண்டு வரை கட்டுரைகளாக வெளிவந்த ‘சமுதாயத்தைப் பற்றிய புதிய நோக்கு’ என்னும் நூலில் இதனை அவர் விரித்துரைத்தார். திருவள்ளுவர் ‘ஊழ்’ என ஓர் அதிகாரமும் ‘ஆள்வினையுடைமை’ என ஓர் அதிகாரமும் வகுத்து, இரண்டையும் ஒரே நூலுள் அமைத்தார். ஓவனோ ஊழின் இடத்தில் சமுதாயச் சூழலை வைத்தார். தனிமனிதனின் ஆள்வினைக்கு அவர் கொள்கையில் இடம் மிகக் குறைவு.

ஆனால், அவர் தம் கதையைச் சொல்லும்போது நிகழ்வது வேறு. 1771ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், வேல்ஸ் நாட்டு நியூடவுன் என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் செய்து இரும்புப் பொருள்களும் விற்றுவந்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். ஏழு அகவையிலேயே தாம் பயின்ற பள்ளியில் பிற சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் உதவியாளரானார். பத்து அகவையில் பெற்றோரைப் பிரிந்து இலண்டன் சென்றார். பின்னர் ஸ்டாம்போர்டு நகரில் மெக்கஃபாக் என்னும் துணி வணிகரிடம் தொழில் பயின்றார். மான்செஸ்டருக்குச் சென்று, தமையனிடம் நூறு பவுன் கடன் பெற்று, பஞ்சு நூற்கும் எந்திரங்கள் செய்யும் தொழிலில் ஒருவரோடு பங்காளியானார். இவ்வளவும் இருபது வயதுக்குள் நடந்தவை.

டிரிங்க்வாட்டர் என்னும் ஆலை முதலாளியை அவர் கண்ட நிகழ்ச்சி நூலின் சுவையான பகுதிகளுள் ஒன்று. ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஆலைக்கு மேலாளர் வேண்டுமென்று விளம்பரம் வந்திருந்தது. இளைஞராகிய ஓவன் நேரே சென்று நின்றார். வயது என்ன என்று கேட்கிறார் முதலாளி. இருபது ஆகப்போகிறது என்கிறார் இவர். வாரத்தில் எத்தனை முறை குடிப்பீர் என்ற கேள்விக்கு, வாழ்நாளில் ஒருமுறையும் குடிபோதையில் இருந்ததில்லை என்று முகம் சிவந்து விடையளிக்கிறார். சம்பளம் எவ்வளவு வேண்டும் என்றதற்கு, ஆண்டுக்கு முந்நூறு பவுன் என்கிறார். முதலாளி திகைக்கிறார், எனினும், வேலை கிடைத்துவிடுகிறது. முதல் ஆறு வாரம் ஆலைக்குள் யாருக்கும் நேரடியாகக் கட்டளை இடாமல், எல்லாவற்றையும் உற்றுநோக்கிக் கற்றுக்கொண்டதாக அவர் எழுதுகிறார்.

இப்பகுதியைப் படிக்கும் மாணவன் யாரும் இதனைச் சூழல் உருவாக்கிய மனிதனின் கதையாகக் கொள்ளமாட்டான். தன் துணிவாலும் கூர்மையாலும் சூழலை வென்ற ஒருவனின் கதையாகவே கொள்வான். ஆள்வினைக்கு இடமில்லை என்று அறிவிக்கும் நூல், ஒருவருடைய ஆள்வினையைப் பக்கம் பக்கமாகப் பாடுகிறது. சூழலின் விதி பிறர்க்கெல்லாம் பொருந்தும். தமக்கு மட்டும் அது முழுதும் பொருந்தாது என்று ஓவன் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவர் கதை சொல்லும் முறை அதனைச் சொல்லிவிடுகிறது.

இங்குத் தமிழ்த் தன்வரலாறு ஒன்றை ஒப்பு நோக்குவது பயன் தரும். உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அவர் 1942ஆம் ஆண்டில் மறைந்ததால் முடிவுறாமல் நின்ற நூல். ஓவனின் நூலும் முதற் பகுதியோடு நின்றது. அடுத்த ஆண்டு பிற்சேர்க்கையாக ஆவணங்கள் வெளிவந்தன. 1858ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் அவர் பிறந்த ஊரிலேயே காலமானார். நிறைவுறாமையில் ஒத்த இவ்விரு நூல்களும் நோக்கில் பெரிதும் வேறுபடுகின்றன. ஐயரின் நூலில் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உயிரோடு உலவுகிறார். உதவியவர், ஊட்டியவர், ஏடு தந்தவர் என எண்ணற்றோர் பெயரோடும் குரலோடும் வருகின்றனர். பலரால் தாம் ஆனதை ஐயர் கொள்கையாகக் கூறவில்லை, கதையாகக் காட்டினார். ஓவன் அதனைக் கொள்கையாகக் கூறினார்; கதையில் காட்டத் தவறினார்.

நியூ லானார்க்கின் அருஞ்செயல்

ஓவனின் செயலைக் குறைத்து மதிப்பிடுதல் அறமாகாது. ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் இருந்த நியூ லானார்க் பஞ்சாலையை, 1799ஆம் ஆண்டில் டேவிட் டேல் என்பவரிடமிருந்து அவரும் அவருடைய கூட்டாளிகளும் அறுபதாயிரம் பவுனுக்கு வாங்கினர். அதே ஆண்டில் டேலின் மகள் கரோலைனை அவர் மணந்தார். 1800ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆலையின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. அவ்வூரில் ஏறத்தாழ இரண்டாயிரம் மக்கள் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்நூறு பேர் எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அறவிடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்கள்.

ஓவன் அறவிடுதிச் சிறுவர்களைக் கொண்டுவரும் முறையை நிறுத்தினார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலைக்குள் விடுவதில்லை என வகுத்தார். வேலை நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, உணவு வேளை நீங்கலாக ஏறத்தாழ 10¾ மணிக்குக் கொண்டுவந்தார். கூலியில் அறுபதில் ஒரு பங்கு பிடித்து நோய்க்கும் முதுமைக்கும் உதவும் நிதி அமைத்தார். கொள்ளை விலைக்குக் கெட்ட பண்டம் விற்ற கடைகளுக்கு மாறாக, நல்ல பொருளை மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்கு விற்கும் கடையை ஊரில் நிறுவினார்; அதன் ஆதாயம் பள்ளிக்குச் சென்றது. தோட்டக் கடையில் கடன் எழுதி, சம்பள நாளன்று வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய முன்னோரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இச்சீர்திருத்தத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்கா 1800களின் முற்பகுதியில் பஞ்சு ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது ஆலைகள் பல தொழிலாளரை வெளியேற்றின. ஓவன் எந்திரங்களை நிறுத்தினார். ஆனால், நான்கு மாதம் முழுக் கூலியும் கொடுத்தார். அதற்கு ஏழாயிரம் பவுனுக்கு மேல் செலவாயிற்று என்று அவர் கணக்குக் காட்டுகிறார். அதுவரை அயலான் என்று அவரை ஐயுற்றிருந்த மக்கள் அன்றுமுதல் நம்பத் தொடங்கினர். 1813ஆம் ஆண்டில் பழைய கூட்டாளிகளோடு பிணங்கி, ஜெரமி பெந்தாம், குவேக்கர் சமயத்தவரான வில்லியம் ஆலன் முதலியோரைப் புதிய கூட்டாளிகளாகச் சேர்த்து, ஏலத்தில் ஆலையை 1,14,100 பவுனுக்கு மீட்டார். அவர் ஊர் திரும்பியபோது மக்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை இழுத்துச் சென்றனர்.

இக்காட்சியை ஓவன் பெருமிதத்தோடு வருணிக்கிறார். படிப்பவர் நெஞ்சும் நெகிழ்கிறது. எனினும், திறனாய்வாளன் ஒருகணம் நின்று கேட்க வேண்டும்: அந்த வண்டியை இழுத்தவர்களுள் ஒருவருடைய பெயராவது நூலில் உண்டா? அவர்கள் என்ன நினைத்தனர் என்பதை அவர்கள் வாயால் கேட்கிறோமா? அரச குடும்பத்தினரும் பிரபுக்களும் பெயரோடு வருகின்றனர். பின்னாளில் ரஷ்யப் பேரரசரான நிக்கலஸ் இளவரசர் வந்து பார்த்தது விரிவாகச் சொல்லப்படுகிறது. தொழிலாளரோ பெரும்பாலும் கூட்டமாகவே வருகின்றனர், கூட்டமாகவே மறைகின்றனர்.

வண்ணக் கட்டை

நியூ லானார்க்கில் ஓவன் செய்த புதுமைகளுள் ஒன்றைத் தோட்டப்புறம் அறிந்த தமிழர்கள் தனிக் கவனத்தோடு நோக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கங்கள் கொண்ட ஒரு சிறு மரக்கட்டை தொங்கும். ஒரு பக்கம் கறுப்பு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், மற்றொன்று வெள்ளை. முந்தைய நாள் அத்தொழிலாளி நடந்துகொண்ட முறை தீயதாயின் கறுப்புப் பக்கம் முன்னால் நிற்கும், நடுத்தரமாயின் நீலம், நல்லதாயின் மஞ்சள், மிக நல்லதாயின் வெள்ளை. இதற்கு ஓவன் இட்ட பெயரைத் தமிழில் ‘பேசாத கண்காணி’ என்று சொன்னால் பொருந்தும். நாள்தோறும் அவ்வண்ணங்கள் ‘குண ஏடு’ என்னும் பேரேட்டில் பதிவாயின. தமக்கு இட்ட வண்ணம் தவறு என்று கருதும் தொழிலாளி நேரே ஓவனிடம் முறையிடலாம். அடியும் வசையும் தண்டமும் இல்லாமலே, காலப்போக்கில் கறுப்பு குறைந்து மஞ்சளும் வெள்ளையும் பெருகின என்று அவர் மகிழ்கிறார்.

அக்காலத்து ஆலைகளில் பிரம்படி பொதுவழக்காய் இருந்தது. அந்நிலையில் இது பெரும் இரக்கச் செயல் என்பதில் ஐயமில்லை. பிரம்பைவிட மரக்கட்டை மேலானதே. ஆயினும், கண்காணி பேசினால் மறுமொழி சொல்ல ஒரு வாய்ப்புண்டு. பேசாத கண்காணிக்கு யார் மறுமொழி சொல்வது? வண்ணத்தை மேற்பார்வையாளர் தீர்மானிப்பார். முறையீட்டை ஓவன் தீர்ப்பார். மேற்பார்வையாளருக்கு வண்ணமிடத் தொழிலாளியிடம் கட்டை இல்லை. ஓவனுக்கோ கட்டையே இல்லை. ஊரார் அனைவர் குணமும் எழுதப்பட்ட அந்த ஏட்டில் எழுதுகோல் பிடித்த கை ஒரு பக்கத்துக் கையே.

ஓவனின் தன்வரலாற்று நூல் முழுவதையும் அந்தக் குண ஏட்டின் தொடர்ச்சியாகக் காணலாம் என்பது என் கருத்து. அதிலும் அவர் ஒருவரே எழுதுகிறார், பிறர் எழுதப்படுகின்றனர். நோக்கம் நல்லது, தீர்ப்பும் பெரும்பாலும் அன்பானது. ஆனால், தீர்ப்பளிக்கும் இருக்கை ஒருபோதும் கைமாறுவதில்லை.

பள்ளியும் ஆசிரியரும்

ஆசிரியர்களாகிய நமக்கு நூலின் மிகச் சிறந்த பகுதி பள்ளியைப் பற்றியது. 1816ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ‘குண உருவாக்க நிலையம்’ திறக்கப்பட்டது. நடக்கத் தொடங்கிய குழந்தைகளே அங்கே சேர்க்கப்பட்டனர். குழந்தையை அடிக்கக் கூடாது. கடுஞ்சொல் கூறக் கூடாது. விளையாட்டுத் தோழரை மகிழ்விக்க வேண்டும் என்பதே அங்கே முதற்பாடம். சிறு குழந்தைகளை நூல்களைக் காட்டி வருத்தாமல், பொருள்களையும் படங்களையும் காட்டி உரையாடினர். பாட்டும் ஆடலும் பாடத்திட்டத்தில் இடம் பெற்றன. மாலையில் வளர்ந்தோர்க்கும் வகுப்பு நடந்தது. மனப்பாடமும் பிரம்பும் கல்வியென்று நம்பப்பட்ட காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை நினைத்தால் வியப்பே மேலிடுகிறது.

அப்பள்ளிக்கு ஓவன் தேர்ந்தெடுத்த ஆசிரியர் ஜேம்ஸ் புக்கானன் என்னும் ஏழை நெசவாளி. பதினேழு வயதுடைய மோலி யங் என்னும் ஆலைப் பெண் அவருக்குத் துணை. உழைக்கும் மக்களிடையே இருந்து பெயர் பெற்று நூலில் இடம்பிடித்த சிலருள் இவர்கள் அடங்குவர். ஆனால், புக்கானனை ஓவன் புகழும் காரணத்தைக் கவனியுங்கள். அவர் எளியவர், பணிவுடையவர், சொன்னபடி செய்பவர் என்பதே அக்காரணம். பின்னர் இலண்டனுக்கு அழைக்கப்பட்டு அங்கே புக்கானன் நடத்திய பள்ளி தம் வழியிலிருந்து வழுவிவிட்டது என்று ஓவன் குறைகூறுகிறார். நாள்தோறும் குழந்தைகளோடு வாழ்ந்த அந்த நெசவாளி தாமாகக் கண்டறிந்தது ஏதேனும் இருந்திருக்குமோ என்னும் வினா ஓவனுக்கு எழவில்லை. வகுப்பறையில் அமராத ஒருவர் வகுத்த திட்டத்தைச் செயலாக்கும் கருவியாகவே ஆசிரியர் காணப்படுகிறார். இந்நிலையை அறியாத ஆசிரியர் எந்நாட்டிலும் இருக்க முடியாது.

ஓவன் கண்ணுக்குப் புலப்படாமல்போன மற்றொரு கூட்டமும் உண்டு. அவருடைய ஆலையில் நூலான பஞ்சில் ஒரு பகுதி அமெரிக்க நாட்டு அடிமைத் தோட்டங்களில் விளைந்தது. ஆங்கில ஆலைத் தொழிலாளரின் அடிமைத்தனம், தாம் பின்னாளில் மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் கண்ட வீட்டடிமைகளின் நிலையைவிடக் கொடிது என்று அவர் தன்வரலாற்றில் ஒப்பிடுகிறார். தம் நாட்டு முதலாளிகளை நாணச் செய்வது அவர் எண்ணமாயிருக்கலாம். ஆனால், ஒப்பீட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டவர்கள் வீட்டடிமைகள். பஞ்சுக் காட்டில் வெயிலில் குனிந்து நின்றவர்கள் அல்லர். விருந்தினராகச் சென்றவர் பார்த்தது விருந்து வீட்டின் உட்புறம். தோட்டத்தை மாளிகையின் முன்வாயிலிலிருந்து நோக்குவோர்க்கு நேரும் பிழை இதுவே.

நூல் சொல்லாத பாதி

குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டுமென்று ஓவன் 1815ஆம் ஆண்டு முதல் போராடினார். நாடாளுமன்ற உறுப்பினராக அவர் ஒருபோதும் இருந்ததில்லை; மூத்த இராபர்ட் பீல் வாயிலாகவே மசோதாவைக் கொண்டுவந்தார். 1819ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பஞ்சாலைகளில் அமர்த்தத் தடை விதித்தது. பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வரம்பு விதித்தது. ஆயினும், கண்காணிக்கும் அதிகாரிகள் அமர்த்தப்படவில்லை. வெட்டிச் சிதைக்கப்பட்ட அச்சட்டம் ஓவனுக்கு மனக்கசப்பையே தந்தது. செல்வரும் ஆள்வோரும் உண்மையை எடுத்துரைத்தால் உணர்வார்கள் என்று அவர் அதன்பின்னும் நம்பினார்.

தன்வரலாறு ஏறத்தாழ 1822ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதன்பின் நிகழ்ந்தவற்றை நாம் வேறு நூல்களிலிருந்தே அறிகிறோம். 1825ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ‘நியூ ஹார்மனி’ என்னும் ஊரை விலைக்கு வாங்கிப் பொதுவாழ்வுக் குடியிருப்பு ஒன்றை ஓவன் நிறுவினார். அரசியலமைப்புகள் மாறி மாறி வந்தன. 1827ஆம் ஆண்டுக்குள் அம்முயற்சி சிதைந்தது. அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி அதில் கரைந்தது. 1832ஆம் ஆண்டில் இலண்டனில் உழைப்பு நேரத்தையே நாணயமாகக் கொண்ட பண்டமாற்று நிலையத்தைத் தொடங்கினார். அது ஈராண்டு அளவே நின்றது. 1834ஆம் ஆண்டில் நாடு தழுவிய பெருந்தொழிற்சங்கத்தில் ஈடுபட்டார். அதுவும் அவ்வாண்டிலேயே தளர்ந்தது. 1839ஆம் ஆண்டில் ஹாம்ப்ஷயரில் தொடங்கிய குடியிருப்பு 1845ஆம் ஆண்டில் முடிந்தது. எங்கெல்ஸ் ஓவனைப் பெரிதும் மதித்தவர்; எனினும், ஓவனின் சமதர்மத்தைக் கற்பனையியல் சார்ந்தது என்றே வகைப்படுத்தினார்.

தோல்விகள் நூலில் இல்லை. வெற்றி பெற்ற இளமையே இருக்கிறது. முதுமை அவரை முடிக்கவிடவில்லை என்று இதற்கு அமைதி கூறலாம், அதுவும் உண்மையே. ஆயினும், நியூ லானார்க்கில் வென்றது நியூ ஹார்மனியில் ஏன் தோற்றது என்னும் கேள்விக்கு நூலுக்குள்ளேயே விடை இருக்கிறது. நியூ லானார்க்கில் ஓவன் முதலாளி, கட்டளை அவருடையது, மக்கள் பெற்றுக்கொள்வோர். நியூ ஹார்மனியில் மக்கள் தாமே ஆளவேண்டியிருந்தது. ஆளக் கற்பிப்பது எப்படி என்பது நியூ லானார்க்கு அவருக்கு உணர்த்தாத பாடம்.

இருபத்தெட்டுப் பேர்

‘சமதர்மி’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் 1827ஆம் ஆண்டில் ஓவனைப் பின்பற்றியோரின் கூட்டுறவு இதழில் அச்சேறியது. அவர் அமெரிக்காவில் இருந்த காலத்திலேயே இங்கிலாந்துத் தொழிலாளர்கள் அவருடைய நூல்களைப் படித்துச் சிறு கூட்டுறவுக் கடைகளை நிறுவத் தொடங்கியிருந்தனர். பிரைட்டன் நகர மருத்துவர் வில்லியம் கிங் 1828ஆம் ஆண்டு முதல் ஈராண்டு நடத்திய சிற்றிதழ் அவர்களுக்கு வழிகாட்டியது. திரும்பி வந்த ஓவன் இக்கடைகளைக் கண்டு பெரிதாக மகிழவில்லை. உலகையே மாற்றியமைக்கும் தம் பெருந்திட்டத்தின் முன்னால் மாவும் வெண்ணெயும் விற்கும் வாணிகம் அவருக்குச் சிறியதாகவே தோன்றியது.

ஆனால், அந்தச் சிறியதே நிலைத்தது. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ரோச்டேல் நகரத்துத் தோட் லேன் தெருவில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தனர். வாரம் சில பென்சுகளாகச் சேர்த்த அவர்களுடைய முதல் இருபத்தெட்டுப் பவுன். மாவு, ஓட்ஸ், சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவத்தி ஆகியவையே கடைச் சரக்கு. அவர்களுள் சிலர் ஓவனின் கொள்கையினர். சரக்கு தூய்மையாக இருக்க வேண்டும், எடை சரியாக இருக்க வேண்டும், கடன் கூடாது, வாங்கிய அளவுக்கேற்ப ஆதாயம் பகிரப்பட வேண்டும், கல்விக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பவை அவர்களுடைய நெறிகளாயின. இவற்றுள் பலவற்றின் வேரை நியூ லானார்க்குக் கடையில் காணலாம். ஆனால், நியூ லானார்க்கில் இல்லாத ஒன்று இங்கே புகுந்தது: உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. பணம் மிகுதியாகப் போட்டவர்க்கும் ஒன்றே. குறைவாகப் போட்டவர்க்கும் ஒன்றே. கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்பட்டது.

இவ்விடத்தில்தான் குண ஏடு கணக்கு ஏடாக மாறியது எனலாம். முன்னதில் மேலோர் கீழோரை எழுதினர். பின்னதில் எல்லோரும் தங்களைத் தாங்களே எழுதிப் படித்துப் பார்த்தனர். ஓவனின் கருத்தை ஏற்றவர்கள் ஓவனின் இருக்கையை ஏற்கவில்லை. கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவை அழித்து, உறுப்பினர் என்னும் ஒரே சொல்லை அவர்கள் வைத்தனர்.

ஓவனின் தன்வரலாறு வெளிவந்த அதே காலத்தில், அவருடைய கொள்கைப் பரப்புரையாளராக இருந்த ஹோலியோக் ரோச்டேல் கடையின் வரலாற்றை நூலாக எழுதினார். ஒன்று ஒரு தனிமனிதரின் வரலாறு. மற்றொன்று ஒரு சங்கத்தின் வரலாறு. முன்னதைவிடப் பின்னதே பல நாட்டுத் தொழிலாளர்களைக் கடை திறக்கத் தூண்டியது. பெரியவர் ஒருவர் செய்ததைப் படித்தால் வியப்பு வரும். நம்மைப் போன்றவர் செய்ததைப் படித்தால் துணிவு வரும்.

நம் கடமை

கூட்டுறவு மலாயாவுக்குச் சட்டமாக வந்தது 1922ஆம் ஆண்டில். விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தோட்டத் தொழிலாளர் வேலையும் வீடும் இழக்கும் நிலை உண்டானபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அவ்வரலாற்றை நாம் எப்படி எழுதுகிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மாணவர்களின் கட்டுரைகளிலும், ஏன், நம் சங்க மலர்களிலும், தலைவரின் பிறப்பு, கல்வி, பதவி, புகழ் என வரிசையாக வருகின்றன. அத்தலைவர் புகழுக்குரியவர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எனினும், மாதந்தோறும் சந்தா கட்டிய தாய்மார்கள் வண்டியை இழுத்த நியூ லானார்க்கு மக்களைப் போலக் கூட்டமாக வந்து கூட்டமாகவே மறைகின்றனர். பங்குச் சீட்டைப் பெட்டிக்கு அடியில் துணியில் சுற்றி வைத்த பாட்டி, கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்ட முதல் ஆள், ஊர் ஊராகச் சென்று உறுப்பினர் சேர்த்த தோட்டப்பள்ளி ஆசிரியர் ஆகியோரின் குரல் எந்த ஏட்டில் பதிவாகியுள்ளது?

ஓவனின் நூலைப் படிக்க வேண்டும். அவரைப் போற்றவும் வேண்டும். தம் காலத்து முதலாளிகள் மனிதரைப் பழுது பார்க்காத எந்திரமாகக் கருதியபோது, சூழலைத் திருத்தினால் மனிதன் மலர்வான் என்று செய்து காட்டியவர் அவர். நியூ லானார்க்கு 2001ஆம் ஆண்டில் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது அச்செயலுக்குத் தகுந்த சிறப்பே. ஆயினும், அவர் நூல் கற்பிக்கும் பெரும்பாடம் அவர் எழுதாமல் விட்ட வரிகளில் இருக்கிறது. அன்பே ஆனாலும் பேசாத கண்காணியின் அன்பு போதாது. பெறுபவர் பேசும் நாளில்தான் கொடை கூட்டுறவாகிறது.

தமிழ் பயிற்றும் ஆசிரியர்கள் தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு ஆகிய இலக்கிய வகைகளைக் கற்பிக்கும்போது, ஒரு சிறு பயிற்சியை மாணவர்க்குத் தரலாம். தலைவர் ஒருவரைப் பற்றி எழுதச் சொல்வதற்கு முன், தம் குடும்பத்திலோ அண்டையிலோ கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்த முதியவர் ஒருவரிடம் சென்று, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிவரச் சொல்லலாம். அவ்வாறு எழுதப்படும் பக்கங்களில் நடை சிறக்காமல் போகலாம். ஆனால், எழுதுகோல் முதன்முறையாக மறுபக்கத்துக் கைக்கு மாறியிருக்கும்.